வாரத்துக்கு இரண்டு முறை

“எடம் எதும் ஒழிஞ்சிருக்கா சிஸ்டர்” என்று கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் முழு அர்த்தமும் தெரிந்திருக்காது என்றுதான் ஜெபகனி முதலில் நினைத்தாள். இந்தப் பிரிவுக்கு வந்து ஒரு வருடம் ஆன பிறகு, தெரிந்துதான் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டாள். டயாலிசிஸ் பிரிவில் இடம் ஒழிந்தது என்றால் உள்ளே படுத்திருந்தவர்களில் ஒருவர் இறந்துபோனார் என்று பொருள். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து ஒருவர் வெளியே போனதை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பள்ளிக்கூடத்தில் கிளார்க். நர்சிங் முடித்து அரசு வேலை கிடைத்ததும் பதினாலு வருடம் பிரசவ வார்டிலேயே ஓடிவிட்டது. அங்கே எவ்வளவு கூட்டம் வந்தாலும் இடமில்லை என்று ஒருத்தியையும் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு கட்டிலில் இரண்டு பேர், அதுவும் முடியாவிட்டால் தரையில் பாய். நாற்பத்திரண்டாவது வயதில், பாபநாசம் போகிற சாலையில் இருக்கும் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி, டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு நர்ஸ் ஆனாள். பாய் விரித்துச் சமாளிக்க முடியாத ஒரு வார்டை அவள் பார்த்தது அப்போதுதான்.

ஏழு இயந்திரங்கள். அதில் ஒன்று ரத்தத்தில் காமாலைக் கிருமி இருப்பவர்களுக்கென்று தனியறையில் இருந்தது. மீதி ஆறு. காலையில் ஆறு பேர், மத்தியானம் ஆறு பேர், ஞாயிறு தவிர ஆறு நாளும். ஒருவருக்கு வாரம் மூன்று முறை என்றால் இருபத்து நாலு பேருக்குத்தான் அந்த அறை தாங்கும். மூன்றாவது ஷிப்டு நடத்தலாம்தான். அதற்கு இன்னும் இரண்டு டெக்னீஷியன்கள் வேண்டும், இன்னொரு நர்ஸ் வேண்டும், தண்ணீர் சுத்திகரிக்கிற கருவி பெரிதாக வேண்டும். கேட்டு எழுதிய கடிதம் மேலே போனது. மேலேயே இருந்தது.

காத்திருப்பவர்களின் பெயர்கள் முன்பெல்லாம் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டுக்குள் இருந்தன. வரிசையை நர்ஸும் டாக்டரும் தவிர யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்த வரிசை வளைந்துகொடுத்தது. யாராவது போன் பண்ணுவார்கள், யாராவது கையெழுத்துப் போட்ட தாளோடு வந்து நிற்பார்கள். ஜெபகனியே இரண்டு முறை அப்படி ஆளைச் சேர்த்திருக்கிறாள். இரண்டாவது முறை சேர்த்தபோது வரிசையில் முதலாவதாக நின்றவர் வீரவநல்லூர்ப் பக்கத்து நெசவுக்காரர் ஒருவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போனவர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று அவள் சொன்னதற்கும் அப்படித்தான் தலையாட்டினார். பதினோராம் நாள் அவர் இறந்த செய்தி வந்தது.

மறுநாள் அவள் அந்த நோட்டில் இருந்ததை வரிசை எண், பெயர், ஊர், பதிந்த தேதி என்று கணினியில் அடித்து, வாசல் சுவரில் ஒட்டினாள். இனி போன் வந்தால் சுவரைக் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். அந்த மட்டில் நடக்கவும் செய்தது. போன்கள் குறைந்தன. ஆனால் வரிசையில் இருந்தவர்கள் தினமும் வந்து சுவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே படுத்திருப்பவர்களையும் பார்த்தார்கள். இரண்டாவது எண்ணில் இருந்த ஒருவர், “ஆறாவது கட்டில்ல இருக்கவுகளுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு” என்று விசாரித்துப் போனார். ஆறாவது கட்டில்காரர் அடுத்த முறை வந்தபோது கதவுக்கு ஒரு திரை போடச் சொன்னார். பச்சைத் துணியில் திரை போட்டார்கள்.

மாஞ்சோலை எஸ்டேட் மூடப்பட்டதும் மலையிலிருந்து கீழே இறங்கிய குடும்பங்களில் ஒன்று முத்துராணியுடையது. முப்பத்தொரு வயது. கல்யாணமானது முதல் மலையில் தேயிலை பறித்தவள். இறங்கி வந்த வருடம் மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். அவள் புருசன் பேச்சிராஜ் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் சுமை ஏற்றப் போனான். கீழே வந்த மூன்றாம் மாதம் முகமும் காலும் வீங்கின. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏற்கனவே கைவிட்டிருந்தன.

சுவரில் அவள் எண் ஒன்பது.

அந்த மழைக்காலத்தில் ஜெபகனி அவளை மூன்று முறை அவசரப் பிரிவில் பார்த்தாள். மூச்சு முட்டி, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், பேச்சிராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருப்பாள். அப்படி ஆனால்தான் அவளுக்கு இயந்திரம் கிடைக்கும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கழுத்தில் குழாய் போட்டு ஒரு தடவை சுத்தம் செய்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை மூச்சு முட்டும்வரை வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது தடவை அவளை ஆம்புலன்சில் ஏற்றும்போது, “நான் செத்துட்டு வந்தாத்தான் உள்ள விடுவாவளா” என்று பேச்சிராஜிடம் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரிதான் இருந்தது.

அந்த வாரம்தான் ஜெபகனிக்கு அந்த யோசனை வந்தது. எல்லோருக்கும் மூன்று முறைக்குப் பதிலாக இரண்டு முறை என்று வைத்தால் இருபத்து நாலு முப்பத்தாறு ஆகும். சுவரில் இருப்பதோ பதினொரு பேர். சுவரே காலியாகிவிடும்.

பிரிவைப் பார்த்துக்கொண்ட டாக்டர் செந்தில்முருகன் மதுரைப் பக்கத்துக்காரர், அவளைவிடப் பத்து வயது இளையவர். முழுவதும் கேட்டார். வாரம் மூன்று முறைதான் சரியான வைத்தியம் என்றும், கொஞ்சமாவது சிறுநீர் போகிறவர்களுக்கு இரண்டு தாங்கும், அறவே போகாதவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டு இதயம் அடிபடும் என்றும் சொன்னார். பல இடங்களில் இரண்டுதானே கொடுக்கிறார்கள் என்றாள் அவள். அவர் அதை மறுக்கவில்லை.

“இல்லாதவங்களுக்குக் குடுக்க முடியாம போறது வேற சிஸ்டர். இருக்கிறவங்க கையில இருந்து எடுக்கிறது வேற” என்றார்.

“நமக்கு அது வேற வேற, டாக்டர். வெளிய நிக்கவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னார். உள்ளே இருப்பவர்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதித்தால் செய்யலாம்.

அவர்கள் சம்மதிக்க வேண்டுமென்றால் அவர்களில் ஒருவர் முதலில் பேச வேண்டும் என்று ஜெபகனிக்குத் தெரிந்திருந்தது. யார் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பதும் தெரியும். ஆவுடைநாயகம் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறுபத்து நாலு வயது, நான்கு வருடமாக செவ்வாய், வியாழன், சனி காலை ஷிப்டில் வருகிறவர். புதிதாக வருகிறவர்களுக்கு ஊசி வலிக்காமல் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டிக்கொடுப்பார். பதினெட்டு வருடம் மாஞ்சோலை வண்டியில் போனவர். மேலே இருந்தவர்களுக்கு மாத்திரையும் ரேஷன் கார்டும் அவர் பையில்தான் ஏறிப்போகும். முத்துராணியின் பெயரைச் சுவரில் பார்த்ததும் அவள் மாமனார் பெயரைச் சொல்லி, அவர் வீட்டு மருமகளா என்று கேட்டவர் அவர்.

ஒரு வியாழக்கிழமை, அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் இடது கையில் இரண்டு ஊசிகள். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொன்றில் திரும்பிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னாள். கூட்டத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்றாள்.

அவர் தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினார்.

“எனக்குத்தான் ஒண்ணுக்கே போவாதே சிஸ்டர். ரெண்டு தாங்குமா?”

“தண்ணியக் கொறச்சாத் தாங்கும் அண்ணாச்சி. டாக்டர் பாத்துக்கிடுவாரு.”

“சரி. சொல்லுதேன்.”

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவள் அவரிடம் சொல்லியிருந்தாள். அது அந்த நேரத்திலேயே அவளுக்குத் தெரியும். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்துபோய் அடுத்த கட்டிலின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளிநோயாளி கூடத்தில் கூட்டம். ஜெபகனி காலை ஆராதனை முடிந்து சாப்பிடாமலே பஸ் ஏறி வந்தாள். இருபத்தொரு பேர் வந்திருந்தார்கள், வீட்டு ஆட்களோடு. டாக்டர் நடப்பதைச் சொன்னார். ஆபத்தையும் சொன்னார். ஆனால் சிறுநீர் போகாதவர்கள், நீர் கோப்பு, இதயம் என்று அவர் சொன்னது அச்சடித்த தாளை வாசிப்பது போல் இருந்ததால் பாதிப் பேர் கவனிக்கவில்லை. பிறகு ஆவுடைநாயகம் எழுந்தார்.

மலையிலிருந்து இறங்குகிற கடைசி வண்டியைப் பற்றிச் சொன்னார். சீட்டு நிறைந்துவிட்டது என்று யாரையும் விட்டுவிட்டு இறங்கியதில்லை என்றார். நெருக்கி உட்கார்ந்து, நின்று, எல்லோருமாக இறங்கித்தான் பழக்கம் என்றார். கூடத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது, இறுக்கம் தளர்ந்தது.

கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வயது, ஆற்றுப் பாசனத்தில் குத்தகைக்கு நெல் போட்டவர். அவரும் சிறுநீர் அறவே போகாதவர்தான்.

“வண்டில நின்னுகிட்டு வந்தாக் கால்தான் வலிக்கும் அண்ணாச்சி. இங்கன நின்னா உசுரு போவும்” என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, “கையத் தூக்குதவுகளுக்கு ரெண்டு வையுங்க. எனக்கு மூணே இருக்கட்டும்” என்றார்.

வைத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வைக்க முடியும் என்று டாக்டர் சொன்னார். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. பதினாறு கைகள் உயர்ந்தன. சில கைகள் பக்கத்துக் கையைப் பார்த்து உயர்ந்தன. ஆவுடைநாயகத்தின் மனைவி உலகம்மாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புருசன் கையைத் தூக்கியபோது அவள் மடியிலிருந்த மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்ததை ஜெபகனி பார்த்தாள்.

பிப்ரவரி முதல் வாரம் சுவரிலிருந்த தாள் கிழிக்கப்பட்டது. பதினொரு பேரும் உள்ளே வந்தார்கள், பன்னிரண்டாவதாக ஒருவரும். முத்துராணிக்குச் செவ்வாயும் வெள்ளியும், காலை ஷிப்டு. அவளுக்கு ஊசி குத்த வசதியாகக் கையில் ரத்த நாளங்களைச் சேர்க்கும் சிறு அறுவை செய்து, அது பக்குவமாகிற வரை கழுத்துக் குழாயிலேயே ஓட்டினார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி அவள் முகம் எப்படியிருக்கும் என்று முதன்முதலாகத் தெரிந்தது. ஒல்லியான, கன்னத்தில் குழி விழுகிற முகம். ஒருநாள் பேச்சிராஜ் இல்லாமல் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்தேன் என்று எல்லாக் கட்டிலிலும் சொன்னாள். அவள் நாளும் ஆவுடைநாயகத்தின் நாளும் ஒன்றாகிவிட்டதால் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவரும் மலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். எந்த வளைவில் யானை நின்றது, எந்த வருட மழையில் ரோடு சரிந்தது என்று.

அந்த இரண்டு மாதம் ஜெபகனி நிம்மதியாக இருந்தாள். நீ சிரித்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று அவள் கணவர் எபனேசர்கூடக் கேட்டார்.

பங்குனி கழிந்ததும் வெயில் ஏறியது. தாகம் எடுக்கும், குடிக்கக்கூடாது. நுங்கு கூடாது, இளநீர் கூடாது. மூன்று முறை வந்துகொண்டிருந்தபோது இரண்டு நாளைக்கு ஒருதரம் நீர் இறங்கிவிடும். இப்போது வெள்ளிக்கிழமை போனால் செவ்வாய்க்கிழமைதான். திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் நாலு கிலோ, ஐந்து கிலோ கூடி வந்தார்கள். அத்தனை நீரையும் நாலு மணி நேரத்தில் இறக்கும்போது சிலருக்குக் கால் இழுத்தது, சிலருக்கு மயக்கம் வந்தது. டெக்னீஷியன் மகேஷ் எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு கட்டத்தில் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டு எழுதிக்கொடுக்க ஆரம்பித்தான்.

ஆவுடைநாயகம் எப்போதும் கூடியே வந்தார். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி ஜெபகனி கண்டித்தாள். குறைத்துத்தான் குடிக்கிறேன் என்றார். வைகாசி பிறந்து முதல் திங்கட்கிழமை காலை, வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்குகிறது என்று படியில் உட்கார்ந்தார். உலகம்மாள் சொம்பை வாங்கி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் சரிந்துவிட்டார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உயிர் இல்லை. மறுநாள் அவருடைய நாள்.

இதயம் ஏற்கனவே பலவீனம், நான்கு வருடம் டயாலிசிஸில் இருந்தவர், மூன்று முறை கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நடந்திருக்காமலும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். சுவரில் நின்றிருந்தால் அதில் பாதிப் பேர்கூட இந்த நேரம் இருக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். ஜெபகனி அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்த்திருந்தாள். அதில் தப்பு ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனாள். முன்கட்டில் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். உலகம்மாள் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரச் சொன்னாள். அழவில்லை. காபி கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஜெபகனி. பிறகு, மன்னித்துவிடுங்கள் அக்கா என்று ஆரம்பித்தாள். உலகம்மாள் முடிக்க விடவில்லை.

“நீங்க வந்து கேட்ட அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னாவ. ஏன் சரின்னு சொன்னியன்னு கேட்டேன். ஊசி குத்திப் படுத்துக் கெடக்கேன், சிஸ்டர் பக்கத்துல வந்து உக்காந்து கேக்காவ, எப்படி இல்லன்னு சொல்லன்னாவ.”

முன்கட்டில் யாரோ வந்த சத்தத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டு உலகம்மாள் திரும்பினாள்.

“ஒங்களக் கெட்டவுகன்னு நான் சொல்லல சிஸ்டர். அந்தப் புள்ள முத்துராணியப் பத்தி வந்து வந்து பேசுவாவ, அவுகளுக்கு அதுல சந்தோசந்தான். ஆனா அவுக எந்திரிச்சு நிக்கும்போது கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து என்ட்டயும் கேட்டிருக்கலாம்.”

உலகம்மாள் பேச்சை மாற்றி, மருந்து மாத்திரை நிறைய மீதி இருக்கிறது, யாருக்காவது ஆகுமென்றால் எடுத்துப்போங்கள் என்று ஒரு பையைக் கொடுத்தாள். ஜெபகனி அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்கள் வந்து போயின, அவள் ஏறவில்லை. கூட்டம், கைதூக்கல், டாக்டர் சொன்ன விளக்கம் எல்லாம் முறையாகத்தான் நடந்தன. ஆனால் அதற்கு முன்னால், குழாயில் கட்டுண்டு கிடந்த ஒரு மனிதரிடம், அந்தக் குழாயைப் பிடுங்கவும் மாட்டவும் பொறுப்பில் இருக்கிறவள் கேட்டாள். அவர் நேராக ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அவள் பாதிப் பதில் சொன்னாள். அவள் அவரைத் தேர்ந்தெடுத்ததே அவர் மறுக்கமாட்டார் என்பதால்தான்.

அந்த வெள்ளிக்கிழமை முத்துராணி வரவில்லை. பேச்சிராஜுக்குப் போன் போட்டாள். அவன் வேலையில் இருந்தான். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனதாகத்தான் நினைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் அவனே அவளைக் கூட்டி வந்தான். முகம் மறுபடியும் வீங்கியிருந்தது. வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஜெபகனி அவளை ஒரு காலியான கட்டிலில் படுக்க வைத்து, ஊசி குத்துவதற்கு முன்னால், ஏன் வரவில்லை என்று சத்தம் போட்டாள். நோயாளியிடம் அவள் சத்தம் போட்டு மகேஷ் கேட்டதில்லை.

“பக்கத்துக் கட்டில்ல வேற ஆளப் பாக்க மனசு வரல சிஸ்டர்” என்றாள் முத்துராணி. பிறகு, “அண்ணாச்சி என் எடத்துக்காவத்தான் போயிட்டாவளா?”

இல்லை என்று சொல்லத்தான் ஜெபகனிக்கு வாய் வந்தது. பதினாலு வருடம் பிரசவ வார்டில் எத்தனையோ பேருக்கு அப்படி இல்லை, ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் பழகிய வாய்.

“தெரியல முத்துராணி. அவுகளுக்கு மூணு கெடைச்சிருந்தா இப்ப இருந்திருப்பாவளான்னு எனக்குத் தெரியல. டாக்டருக்கும் தெரியல. நீ உள்ள வராம இருந்திருந்தா நீ இருந்திருக்க மாட்ட. அது தெரியும்.”

ஜெபகனி ஊசித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“கேட்டது நான்தான். அவுககிட்டச் சொல்ல வேண்டியத முழுசாச் சொல்லாம கேட்டேன். அது என் தப்பு. ஒன் தப்பு அதுல ஒண்ணும் கெடையாது. செவ்வாக்கிழம வந்துரு.”

செவ்வாய்க்கிழமை வந்தாள். சுவரோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜெபகனி டாக்டரிடம் போய், கூட்டத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை அண்ணாச்சியின் கட்டிலருகே நடந்ததை, தான் கேட்டதையும் சொன்னதையும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். பிறகு, அது தன் மேலும்தான் என்றார். எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று பிடிவாதமாக நின்றது தான்தான், ஒரே மாதிரி இல்லாத உடம்புகளுக்கு அது எப்படிச் சமமாகும் என்று யோசித்திருக்க வேண்டும் என்றார்.

ஜூன் மாதம் அவர்கள் ஏற்பாட்டை மாற்றினார்கள். ஒரு நாளில் போகிற சிறுநீரை அளந்து, அறவே போகாதவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் வாரம் மூன்று, மற்றவர்களுக்கு இரண்டு. யாருக்கு எது என்று முடிவு செய்ய அவர்கள் இருவரோடு, அந்தப் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரும் உட்கார்ந்தார். ஏழு பேருக்கு மூன்று வந்தது. அதில் கொம்பையாவும் ஒருவர். அவரிடம் ஜெபகனி, ஊசி போடுவதற்கு முன், நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள். அவர் சந்தோஷப்படவில்லை.

“அன்னைக்கு நான் கேட்டப்பவே குடுத்திருந்தா அண்ணாச்சிக்கும் சேத்துக் கெடைச்சிருக்கும்லா” என்றார். அவள் ஆமாம் என்றாள்.

ஏழு பேருக்கு மூன்று என்றால் அந்த அறைக்கு முப்பத்திரண்டு பேர்தான் தாங்கும். சுவரில் மறுபடியும் தாள் ஏறியது. இந்த முறை பெயர் போடவில்லை, பதிவு எண் மட்டும். மூன்றாவது ஷிப்டு கேட்டு அவள் மாதம் ஒரு கடிதம் எழுதி டாக்டர் கையெழுத்தோடு அனுப்பினாள். உள்ளே இருந்து இறந்தவர்களின் எண்ணிக்கையையும், காத்திருந்து இறந்தவர்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு கடிதத்திலும் சேர்த்தாள். ஏழாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. மேலும் சில விவரங்கள் கேட்டிருந்தார்கள். அனுப்பியிருக்கிறாள்.

இடமாறுதல் கலந்தாய்வில் அவள் வீட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடம் காலியாக இருந்தது. போய்விடு, உன் ரத்த அழுத்தமும் நன்றாயில்லை என்றார் எபனேசர். மகள் டார்லினும் அதையே சொன்னாள். ஜெபகனி போனாள், அவள் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தாள், அழைத்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். காரணம் கேட்ட எபனேசரிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கிருந்து விலகிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடுமா என்று மட்டும் கேட்டாள். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அவள் சில நாள் ஜெபத்தில் உட்காரும்போது வார்த்தை வராமல் எழுந்துவிடுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மாதம் பத்தமடையிலிருந்து அலிமா பீவி என்று ஓர் அம்மா வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. மகன் சுஹைல் கூட வந்திருந்தான், நகரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். வரிசையில் அவர்கள் ஏழாவது. ஜெபகனி இருவரையும் நடைபாதைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ஏழாவது என்றால் ஐந்து மாதமும் ஆகலாம், எட்டு மாதமும் ஆகலாம் என்றாள். சீக்கிரம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. மூச்சு முட்டினால் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். யாராவது முன்னால் தள்ளிவிடுவதாகச் சொன்னால் நம்பாதீர்கள் என்றாள்.

“எட்டு மாசம் அம்மா தாங்குவாவளா?” என்று கேட்டான் சுஹைல். அம்மாவுக்கு எதிரிலேயே கேட்டுவிட்டதை நினைத்து அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னும் கொஞ்சம் சிறுநீர் போவுது. அதனால தாங்குறதுக்கு வழி இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது தம்பி” என்றாள் ஜெபகனி.

அலிமா பீவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மட்டும் கேட்டாள். ஜெபகனி உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்து வந்தாள். அதில் ஒரு விரலால் அளவு வைத்து, இத்தனை, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று, சோற்றில் ஊற்றுகிற ரசமும் இதில்தான் சேர்த்தி என்று காட்டினாள். அலிமா பீவி டம்ளரை வாங்கி, அந்த அளவில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். ஜெபகனி அவள் விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள்.